வல்வெட்டித்துறை மணலில் ஒரு காலைப் பாடம்

"இந்த மண் கண்ட அடி போதாதோ, தம்பி? இப்ப இந்தப் பெண்பிள்ளையையும் அடிதடி படிக்க விடப்போறியோ?"

கொக்குவிலிலுள்ள எங்கள் வீட்டு விறாந்தையில் அமர்ந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த என் அன்னையார் இவ்வாறு வினவினார். 11 வயது நிரம்பிய என் மகள், கராத்தே வகுப்பிற் சேரவேண்டுமென்று கேட்கத் தொடங்கி ஒரு மாதமாயிற்று. வல்வெட்டித்துறையில் வாழும் அவளுடைய பெரியம்மாவின் மகன் அக்கலையைப் பயில்கின்றான். விடுமுறைக்குச் சென்றவள் அதைக் கண்டு வந்துவிட்டாள். அதே ஆசிரியர் சனிக்கிழமைகளில் எங்கள் ஊருக்கு அண்மையிலும் கற்பிக்கிறார் என்று அறிந்ததும் அவளுடைய ஆவல் இருமடங்காயிற்று.

அன்னையாரின் வினாவை எளிதில் ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் திரண்டு தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, 15 வயதுச் சிறுவனாகிய என் கையை இறுகப் பற்றியபடி, கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர் அவர். அடி என்ற சொல் அவர் செவியில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை நான் அறிவேன்.

என் தயக்கத்துக்கோ வேறொரு காரணம் இருந்தது. 2002 ஆம் ஆண்டில், பல்கலைக்கழக மாணவனாயிருந்த காலத்தில், நானும் ஒரு கராத்தே வகுப்பிற் சேர்ந்தேன். உடம்பைச் சூடாக்கிக்கொள்வதற்கு முன்னரே கால்களை இரு பக்கமும் விரிக்கச் சொன்னார்கள். நான் விரித்த அளவு போதவில்லை எனக் கண்ட ஆசிரியர், என் தோள்களில் இரு கைகளையும் ஊன்றிக் கீழே அழுத்தினார். இடது முழங்காலின் உட்புறத்தில் ஏதோ அறுந்தாற்போன்ற வலி தோன்றியது. "நோவைத் தாங்குகிறவன்தான் வீரன்" என்று அவர் சொன்னார். மூன்று மாதம் நான் படியேற இயலாதிருந்தேன். இன்றும் வாடைக் காற்று வீசத் தொடங்குமுன் என் முழங்கால் எனக்கு அறிவித்துவிடும். அவ்வாசிரியர் கொடியவர் அல்லர். அவருக்குக் கற்பித்தவரும் அவ்வாறே அழுத்தியிருப்பார். ஆயினும் என் மகளின் தோளில் அப்படி ஒரு கை விழுவதை என்னால் எண்ணிப்பார்க்க முடியவில்லை.

நேரிற் கண்டு முடிவு செய்வோம் என்று, ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், விடியுமுன்னே மகளை மோட்டார் சைக்கிளின் பின்னே அமர்த்திக்கொண்டு புறப்பட்டேன்.

நல்லூர் முருகனை வீதியில் நின்றபடியே வணங்கிவிட்டுப் பருத்தித்துறை வீதி வழியே சென்றோம். கோப்பாயைக் கடந்து நீர்வேலியை அடைந்தபோது கிழக்கு வெளுத்தது. வீதியின் இரு மருங்கும் செம்மண் தோட்டங்களில் வாழைகள் குலை சாய்த்து நின்றன. நீர் இறைக்கும் இயந்திரங்களின் ஓசை அங்கங்கே எழுந்தது. புத்தூர்ச் சந்தியில் மேற்கே திரும்பி நிலாவரைக் கிணற்றைச் சற்றே பார்த்துச் செல்வோம் என்றேன். புவியியல் கற்பிப்பவனுக்கு அவ்விடத்தைத் தாண்டிச் செல்ல மனம் வருவதில்லை.

ஆறில்லாத நாடு நம் யாழ்ப்பாணம். சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கி நிற்கும் மழைநீரே நமக்கு உயிர். நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் நிற்கின்றன. மேல்நீரை அளவோடு இறைத்தால் தோட்டம் செழிக்கும். அளவு கடந்தால் உவர் மேலேறிவிடும். இதை மகளுக்கு விளக்கியபோது, கராத்தே பிறந்த ஒகினாவாத் தீவும் இத்தகைய பூமியே என்று சொன்னேன். அவள் கண்கள் விரிந்தன.

வாசகர்கள் இந்த ஒப்புமையைச் சற்றே சிந்திக்கலாம். யாழ்ப்பாண மாவட்டத்தின் பரப்பு ஆயிரம் சதுர கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்டது. ஒகினாவாத் தீவின் பரப்பு ஏறத்தாழ 1,200 சதுர கிலோமீற்றர். அத்தீவின் தென்பாகமும் பவளச் சுண்ணக்கல்லால் ஆனது. நம் கோட்டையின் மதில்களைப் போலவே அங்குள்ள சூரி அரண்மனையின் மதில்களும் அக்கல்லாலேயே எழுந்தன. ஒரு காலத்தில் இரண்டுமே தத்தமக்கென அரசர்களைக் கொண்டிருந்தன. இரண்டுமே கடல் வாணிகத்தால் வளர்ந்தவை.

சொல்லிலும் ஓர் ஒற்றுமையுண்டு. நம் முதியோர் கைகாற் போர்வித்தையைச் 'சீனடி' என்றும், கம்பு வித்தையைச் 'சிலம்படி' என்றும் வழங்கினர். என் பாட்டனார் இவ்விரு சொற்களையும் இணைத்தே சொல்வார். கராத்தே என்ற சொல்லுக்கும் முதலிற் 'சீனக் கை' என்றே பொருள். சீனத்திலிருந்து வந்த வித்தையும் ஒகினாவாவின் சொந்தக் கைவித்தையும் கலந்து உருவான கலை அது. 1936 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 25 ஆந் திகதி, நாகா நகரிற் செய்தித்தாள் நிறுவனமொன்று கூட்டிய கூட்டத்தில் ஆசான்மார் ஒன்றுகூடி, ஒலி மாறாமல் எழுத்தை மாற்றி, 'வெறுங் கை' என்ற பொருளை ஏற்றுக்கொண்டனர். அந்நாளையே ஒகினாவா மக்கள் இன்று கராத்தே நாளாகக் கொண்டாடுகின்றனர்.

அச்சுவேலியைக் கடந்து தொண்டைமானாற்றை அடைந்தோம். ஆற்றங்கரையில் செல்வச்சந்நிதி முருகன் கோயில் விழித்தெழுந்திருந்தது. பூசகர் வாயைத் துணியாற் கட்டி, மந்திர ஒலியின்றி, மௌனமாகப் பூசை செய்யும் கோயில் அது. திருநீறு அணிந்து, கிழக்கே கடலோரமாகச் செல்லும் வீதியிற் சென்றோம். சோளகக் காற்று முதுகிற் பட்டது. வடகடல் அமைதியாய்க் கிடந்தது.

இக்கரையிற் பிறந்தோர் கடலுக்கு அஞ்சாதவர். இங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்கக் கரையைச் சென்றடைந்தது. தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954 இல், 27 மணி நேரத்திற் பாக்குநீரிணையை நீந்திக் கோடிக்கரையை அடைந்தார். 1971 இல் வல்வெட்டித்துறையின் வி. எஸ். குமார் ஆனந்தன் அந்நீரிணையை நீந்திக் கடந்ததோடு, நீந்தியே திரும்பியும் வந்தார்; 51 மணி நேரம். 'ஆழிக்குமரன்' என்று நம் மக்கள் அவருக்குப் பெயர் சூட்டினர். அவரே 1984 ஓகஸ்ட் 6 ஆந் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர்நீத்தார். கோடையிலும் அக்கால்வாய் நீரின் வெப்பநிலை 18 பாகை செல்சியசைத் தாண்டுவது அரிது. நம் கடலோ 28 பாகையை ஒட்டியது. அவருடைய துணிவுக்கு நாம் தலைவணங்குகிறோம். துணிவுடையோர்க்கும் உடம்பு ஒன்றே என்பதையும் அக்கரையில் நின்று நினையாதிருக்க முடியவில்லை.

வகுப்பு, வாசிகசாலை ஒன்றின் பின்னேயுள்ள மணல் முற்றத்தில் நடந்தது. காலை 6.30 மணி. வெண்ணுடை அணிந்த சிறுவர் சிறுமியர் இருபதின்மருக்கு மேற்பட்டோர் வரிசையாய் நின்றனர். செருப்புகள் ஒரு வரிசை. தண்ணீர்ப் போத்தல்கள் மற்றொரு வரிசை. ஆசிரியர் ஐம்பதை நெருங்கியவர், மெலிந்த தேகம், தணிந்த குரல். பிள்ளைகள் அவரைச் 'சென்செய்' என்று அழைத்தனர். யப்பானிய மொழியில் அச்சொல்லுக்கு 'முன் பிறந்தவர்' என்பது நேர்ப்பொருள். நம் ஊர்களில் வித்தை கற்பித்தவர்களை அண்ணாவியார் என்று அழைத்தது எனக்கு நினைவுக்கு வந்தது.

முதற் காரியமாக அவர் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பார்த்தார். நகம் வளர்ந்திருந்தால் வெட்டச் செய்தார். காப்பு, தோடு, சங்கிலி யாவும் கழற்றப்பட்டு ஒரு பெட்டிக்குட் சென்றன. பின்னர் ஒரு கொப்பியைத் திறந்து, "தடிமன் மாறிவிட்டதா?", "நேற்றுக் காய்ச்சல் இருந்ததா?", "இன்றைக்கு விரதமா?" என்று ஒவ்வொருவராய்க் கேட்டார். இழுப்பு நோயுள்ள ஒரு சிறுவன், மருந்துக் குழலைக் கொண்டுவந்ததை உயர்த்திக் காட்டினான்.

அதன்பின் கால் மணி நேரம் அடியுமில்லை, உதையுமில்லை. மெல்ல நடந்தனர்; பின் சிற்றோட்டம்; கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று ஒவ்வொரு மூட்டாய் அசைத்தனர். உடம்பு வியர்த்த பின்னரே கால்களை வீசினர். இழுத்து நிறுத்தும் பயிற்சிகளை வகுப்பின் முடிவுக்கு வைத்திருந்தார். என் கண்கள் அவருடைய கைகளையே பின்தொடர்ந்தன. அவை எந்தப் பிள்ளையின் தோளையும் அழுத்தவில்லை. ஒருத்தி காலை மிகுதியாய் விரிக்க முயன்றபோது, "காணும், பிள்ளை. மிச்சம் அடுத்த மாதத்துக்கு இருக்கட்டும்" என்று அவளை நிறுத்தினார்.

தண்ணீர் குடித்தபின் இருவர் இருவராய் எதிரெதிரே நின்றனர். குத்து விரைந்து சென்று, மற்றவனின் நெஞ்சுக்கு ஓரங்குலம் முன்னே அசையாமல் நின்றது. அங்கே நிற்பதற்குத்தான் அத்தனை பலமும் வேண்டும் என்று அப்போது உணர்ந்தேன். வளரும் பிள்ளையின் நெஞ்சில் விழும் ஒரே குத்து, மிக அரிதாகவேனும், இதயத் துடிப்பைக் குலைத்துவிடும் என்பது மருத்துவர் கண்ட உண்மை.

அவ்வேளையில் ஒரு சம்பவம் நிகழ்ந்தது. ஏறத்தாழ 13 வயதுச் சிறுவன் ஒருவன், பின்னோக்கி அடிவைக்கையிற் சறுக்கி விழுந்து, பக்கத்திலிருந்த சீமெந்துக் கட்டிற் பின்தலையை இடித்துக்கொண்டான். இரத்தம் இல்லை. உடனே எழுந்து, சிரித்துக்கொண்டே தன் இடத்துக்குத் திரும்பினான். ஆசிரியர் கையை உயர்த்தினார். வகுப்பு முழுவதும் நின்றது. அவனை வேப்பமர நிழலில் இருத்தி, இன்று என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டாய், எதிரே நின்றவன் யார் என்று கேட்டார். மூன்றாம் வினாவுக்கு அவன் சற்றுத் தடுமாறினான்.

"இன்றைக்கு நீ பார்த்துக்கொண்டிருப்பது போதும்."

"சென்செய், எனக்கு ஒன்றுமில்லை. அடுத்த மாதம் போட்டி..."

"போட்டி வருசா வருசம் வரும், தம்பி. தலை ஒன்றுதான்."

ஒரு மூத்த மாணவியை அவனருகில் இருக்கச் செய்து, அவனுடைய தாயாருக்குத் தொலைபேசியில் அறிவித்தார். இன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும். இரண்டு நாள் கவனமாய்ப் பார்க்கவேண்டும். வாந்தி, மிகுந்த தலையிடி, இயல்பில்லாத தூக்கம் இவற்றில் ஏதேனும் கண்டால் ஒரு கணமும் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். வைத்தியர் இணங்கும்வரை வகுப்புக்கு அனுப்பவேண்டாம் என்று ஒவ்வொன்றாய்ச் சொன்னார். அடுத்த நாழிகையில் அத்தாயார் வந்து மகனை அழைத்துச் சென்றார். அவன் கண்கள் கலங்கியிருந்தன. ஆசிரியர் அவனுக்குத் தலைகுனிந்து வணங்கினார், அவனும் வணங்கினான்.

வகுப்பு முடிந்ததும் அவருடன் உரையாடினேன். என் முழங்காலின் கதையையும் மறைக்காமற் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

"சேர், நானும் தொடக்கத்தில் அப்படித்தான் கற்பித்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இரண்டு மூன்று பிள்ளைகள் நொந்துபோய் நின்றுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் நான் படிக்கத் தொடங்கினேன்" என்றார்.

அவர் கூறியவற்றுட் சில, பிள்ளைகளை விளையாட்டுக்கு அனுப்பும் எல்லாப் பெற்றோர்க்கும் பயன்படும். பயிற்சியின் மறுநாள் தசையில் ஏற்படும் பரந்த உளைவு இயல்பானது. இரண்டு மூன்று நாளில் மாறும். மூட்டில் ஓரிடத்திற் குத்தும் கூரிய வலி அவ்வாறன்று. அது 'நிறுத்து' என்று உடம்பு இடும் கட்டளை. வளரும் எலும்பின் நுனிகள் இன்னும் மென்மையானவை. ஆதலாற் சிறுவர்கள் முட்டிகளை ஊன்றித் தண்டால் எடுப்பதும், ஓடு உடைப்பதும் ஆகா. காற்றில் உதைக்கும்போது முழங்காலை முற்றாக வீசி நீட்டலாகாது. உண்டபின் இரண்டு மணி நேரமாவது கழியவேண்டும். காண்டாவன வெயிற் காலத்தில் வகுப்பை விடியற்காலைக்கு மாற்றி, தாகம் எடுக்குமுன்னே தண்ணீர் கொடுக்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளின் உடம்பு நம் வெப்பத்துக்குப் பழக ஏறத்தாழ இரண்டு கிழமை எடுக்கும். அதுவரை அவர்களுக்குப் பாதிப் பயிற்சியே. கந்தசஷ்டி விரதம் இருக்கும் பிள்ளைகள் அந்த ஆறு நாளும் ஓரமாக அமர்ந்து, அடவுகளை மனத்தாற் செய்துபார்க்கிறார்கள்.

இவை புதுமைகள் என்று எண்ணவேண்டாம். ஒகினாவாவில், 1901 ஆம் ஆண்டளவில், அங்கோ இதோசு என்ற முதியவர் கராத்தேயைப் பாடசாலைக்குக் கொண்டுவந்தார். அதற்கென அவர் தொகுத்த ஐந்து அடவுத் தொடர்களுக்குப் பெயர் 'பீனான்'. அமைதி என்பது அதன் பொருள். ஐந்துமே அடியில் தொடங்குவதில்லை, தடுப்பிலேயே தொடங்குகின்றன. பின்வந்த சோஜுன் மியாகி, எந்த அடவுக்கு எந்தத் தசை வேண்டும் என்று ஆராய்ந்து, உடம்பைப் பதப்படுத்தும் முன்பயிற்சிகளை முறையாக வகுத்தார். நம் கன்னியாகுமரிப் பக்கத்து வர்ம ஆசான்மாரும் வைத்தியர்களே. அடிபட்ட இடத்தை இளக்கும் முறையை அறியாதவன் அங்கே ஆசானாகக் கருதப்படான். நோவைத் தாங்குபவனே வீரன் என்ற பேச்சு, கலை ஊர் ஊராய்ச் செல்லும் வழியில் எங்கோ ஒட்டிக்கொண்ட தூசி போலும்.

விடைபெறுமுன் என் அன்னையாரின் வினாவை அவரிடம் வைத்தேன். இந்த மண் கண்ட அடி போதாதா?

அவர் கடலைப் பார்த்தார். "அம்மா கேட்பது சரிதான், சேர். அடியை மட்டும் கற்பித்தால் அவர் சொல்வதுதான் நடக்கும். இங்கே வருகிற பிள்ளைகளில் முக்காற் பங்கு, யாரும் குரலை உயர்த்தினால் நடுங்குகிற வீடுகளிலிருந்து வருகிறது. அவர்களுக்கு நான் கற்பிப்பது அந்த ஓரங்குலத்தைத்தான்."

திரும்பும் வழியில் அவ்வார்த்தை என்னை விட்டு அகலவில்லை. 1945 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒகினாவாவில் நடந்த போரில், அத்தீவின் மக்களில் நால்வருக்கு ஒருவர் மாண்டதாகச் சொல்வர். சூரி அரண்மனை மண்ணாயிற்று. மியாகி தம் பிள்ளைகளையும், தலைமாணாக்கரையும் இழந்தார். போர் ஓய்ந்தபின் அவர், நாகா நகரில் தம் வீட்டு முற்றத்தில், சில இளைஞரைச் சேர்த்து மீண்டும் கற்பிக்கத் தொடங்கினார். 1953 இல் இறக்கும்வரை அம்முற்றமே அவருடைய பள்ளி. அரண்மனை 1992 இல் மீண்டும் எழுந்தது. 2019 இல் எரிந்தது. இன்னொரு முறையும் அதை எழுப்பும் பணி 2022 இல் தொடங்கியது. 1981 இல் நூலகம் எரிந்ததையும், அது வெள்ளை நிறத்தில் மீண்டும் எழுந்ததையும் கண்ட நமக்கு அம்மக்களின் மனம் விளங்காததன்று. எல்லாவற்றையும் அடியால் இழந்தவர் ஒருவர், கையை எங்கே நிறுத்துவது என்பதை முற்றத்து மணலில் நின்று கற்பித்தார். அன்னையாரின் வினாவுக்கு அதனினும் நல்ல விடையை நான் அறியேன்.

வீடு சேர்ந்தபோது நண்பகலாகிவிட்டது. அன்னையார் படலையடியிலேயே நின்றார். மகள் அவர் முன்னே சென்று, காலையிற் கண்டவாறே குதிகளை ஒட்டி, கைகளைத் துடையோடு சேர்த்து, இடுப்பை வளைத்து வணங்கினாள்.

"இதென்ன பிள்ளை, கோயிற் கும்பிடோ?"

"இல்லை அப்பம்மா. இதுதான் முதற் பாடமாம். கடைசிப் பாடமும் இதுதானாம்."

அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து என்னைப் பார்த்து, "அந்த விழுந்த பெடியன் இப்ப எப்படியாம்?" என்று கேட்டார். வழியிலேயே மகள் தன் பெரியம்மாவுக்குத் தொலைபேசியில் விசாரித்திருந்தாள். வைத்தியர் பார்த்தாராம், பயமில்லையாம், மூன்று கிழமை ஓய்வாம்.

"அப்ப அந்த மனிசனிட்டையே அனுப்பு" என்று சொல்லிவிட்டு அவர் அடுக்களைக்குட் சென்றார்.

அடுத்த சனிக்கிழமை என் மகள் வகுப்பிற் சேர்ந்தாள். அவளிடம் நான் ஒரே உறுதிமொழி வாங்கியிருக்கிறேன்: எங்கேனும் நொந்தால் மறைக்காமற் சொல்லவேண்டும். பெற்றோர்களே, மாணவர்களே, நீங்களும் ஒரு வகுப்பைத் தேடும்போது, ஆசிரியரின் பட்டியின் நிறத்தையும் சுவரில் தொங்கும் பதக்கங்களையும் பின்னர் பாருங்கள். ஒரு காலைப்பொழுது ஓரமாய் அமர்ந்து, விழுந்த பிள்ளையிடம் அவர் எவ்வாறு செல்கிறார் என்பதை முதலிற் பாருங்கள்.